இழை: ஐசியூவில் செப்சிஸ், கையில் சத்து மருந்துப் பட்டியல்

களியக்காவிளை மருந்துக்கடை:

இந்தப் பக்கம் மார்த்தாண்டம், நாகர்கோவில். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். எந்த ஐசியூவில் செப்சிஸ் என்று ஆள் படுத்திருந்தாலும் வெளியே நிற்கிற வீட்டார் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆஸ்பத்திரி எழுதியதல்ல, வாட்ஸப்பில் வந்தது. வைட்டமின் சி ஊசி, குளூட்டமின் பொட்டலம், செலினியமும் துத்தநாகமும் கலந்த மாத்திரை, 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி, புரோபயாடிக், மீன் எண்ணெய், ஒரு டப்பா புரோட்டீன் பவுடர். “ரத்தத்துல கிருமி ஏறிட்டு, ஒடம்புல சத்தில்ல, சத்து ஏத்தினா கிருமி எறங்கிரும்” என்பது அவர்கள் கணக்கு.

இதில் எது நோயாளிக்கு உதவும், எது வீண், எது கெடுதல்? அளவு, நாள், ஏன் என்பதோடு எழுதுங்கள். “டாக்டரைக் கேளுங்க” என்று மட்டும் எழுத வேண்டாம். அதைத்தான் நாள் முழுக்க கடையில் நின்று சொல்கிறேன்.

குழித்துறை ஆறு (தீவிர சிகிச்சை):

கிருமியை விட, கிருமிக்கு எதிராக உடம்பு தறிகெட்டுப் போய்ச் செய்கிற வேலையே செப்சிஸில் உறுப்புகளைக் கெடுக்கிறது. 2016 வரையறை அதைத்தான் சொல்கிறது: தொற்று இருக்க வேண்டும், அதனால் சோஃபா மதிப்பெண் (உறுப்புகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்ற கணக்கு) 2 அல்லது அதற்கு மேல் ஏறியிருக்க வேண்டும். திரவம் போதுமான அளவு ஏற்றியும் சராசரி ரத்த அழுத்தத்தை 65-ல் நிறுத்த நார்அட்ரினலின் (ரத்தக் குழாயை இறுக்கி பி.பி.யை ஏற்றும் மருந்து) தேவைப்பட்டு, லாக்டேட்டும் (செல் திணறும்போது ரத்தத்தில் ஏறும் அமிலம்) 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக்.

உயிரைத் தீர்மானிப்பவை இவை: ஷாக் இருந்தால் 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், அதற்கு முன் பிளட் கல்ச்சர், முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. அளவில் திரவம், சீழ் இருந்தால் அதை வெளியேற்றுவது. காலில் அழுகிய சர்க்கரைப் புண் அப்படியே கிடக்க, மேலே எந்தச் சத்தை ஏற்றினாலும் பயனில்லை.

சத்து விஷயத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைவதை நிரப்புவது ஒன்று. குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு கொடுத்து அதையே மருந்தாக்குவது வேறொன்று. முதலாவது வேலை செய்கிறது. இரண்டாவதைப் பெரிய பெரிய சோதனைகளில் பார்த்தாகிவிட்டது. வைட்டமின் சி-யிலிருந்து தொடங்கலாம், பட்டியலில் அதுதான் முதலில் இருக்கிறது.

குழித்துறை ஆறு:

2017-ல் அமெரிக்காவில் பால் மாரிக் ஒரு கட்டுரை வெளியிட்டார். 6 மணிக்கு ஒருமுறை 1.5 கிராம் வைட்டமின் சி, அதோடு 50 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, 12 மணிக்கு ஒருமுறை 200 மி.கி. தயமின் (வைட்டமின் பி1). 47 பேரில் 4 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் இது கொடுக்காத 47 பேரில் 19 பேர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அது ஒரே ஆஸ்பத்திரியின் பழைய கோப்புகளோடு புதிய கோப்புகளை ஒப்பிட்ட கணக்கு. சீட்டுப் போட்டு ஆளைப் பிரித்த சோதனையல்ல.

அப்படிப் பிரித்துப் பார்த்தபோது 2020-ல் விட்டமின்ஸ் சோதனை, அதே ஆண்டு ஆக்ட்ஸ், 2021-ல் 501 பேர் கொண்ட விக்டாஸ் என்று வரிசையாக எதிலும் பலன் தெரியவில்லை. 2022-ல் லோவிட்: 872 பேர், கிலோவுக்கு 50 மி.கி. வீதம் 6 மணிக்கு ஒருமுறை, 4 நாள். 60 கிலோ ஆளுக்கு வேளைக்கு 3 கிராம், நாளுக்கு 12 கிராம். 28-ம் நாளில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் சேர்த்து வைட்டமின் சி குழுவில் 44.5 சதவீதம், வெறும் திரவம் பெற்ற குழுவில் 38.5 சதவீதம். பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, கெடுதல் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த முடிவு வருவதற்கு முன்பே, 2021 சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் நரம்பு வழி வைட்டமின் சி வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது.

ரப்பர்க்காடு:

டாக்டர், ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2019 சிட்ரிஸ்-ஆலி சோதனையில் அதே 50 மி.கி. அளவுதான். 28 நாள் சாவு 29.8 சதவீதம், எதிர்க்குழுவில் 46.3. இதை எப்படித் தள்ளுவது?

குழித்துறை ஆறு:

நல்ல கேள்வி அண்ணாச்சி, தள்ளவில்லை. 167 பேர் கொண்ட சோதனை அது. முதன்மையாக அளக்க வைத்திருந்தது 96-ம் மணியில் சோஃபா மதிப்பெண், 168-ம் மணியில் வீக்கக் குறியீடு, ரத்தக் குழாய்ச் சேதக் குறியீடு. மூன்றிலும் வித்தியாசமில்லை. சாவு எண்ணிக்கை 46 துணை அளவீடுகளில் ஒன்று. நாற்பத்தாறு இடத்தில் தூண்டில் போட்டால் எங்கேயாவது ஒன்று சிக்கும்.

இன்னொரு நியாயமும் சொல்கிறார்கள், மறைக்கக் கூடாது. முதல் நாட்களில் இறந்தவர்களுக்கு 96-ம் மணி சோஃபா எடுக்க முடியாது, அதனால் எதிர்க்குழுவின் சராசரி நன்றாக இருப்பது போலத் தோன்றியிருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஐந்து மடங்கு பெரிய லோவிட் இருக்கிறது. அதன் பதில் மேலே இருக்கிறது.

இரவுப்பணி சிஸ்டர்:

வைட்டமின் சி பற்றி வார்டில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, ஆராய்ச்சிக் கட்டுரையை விட அவசரம்.

நரம்பு வழி அதிக அளவு வைட்டமின் சி போகும்போது, விரல் நுனியில் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டர் சில வகைகளில் பொய் சொல்லும். அந்தப் பட்டையில் நடக்கும் ரசாயன வேலையில் வைட்டமின் சி குளுக்கோஸ் மாதிரி நடிக்கிறது. மீட்டர் 260 காட்டும், உண்மையில் 90 இருக்கும். 260-ஐ நம்பி இன்சுலின் பம்பை ஏற்றினால் ஆளுக்கு லோ சுகர். மயக்க மருந்தில், வென்டிலேட்டரில் இருப்பவர் வேர்க்கிறது, கண் இருட்டுகிறது என்று எப்படிச் சொல்வார்? சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு வைட்டமின் சி வெளியேற நாளாகும். ஊசியை நிறுத்தியும் பொய் நிற்காது.

யாருக்காவது எங்காவது அந்த ஊசி போய்க்கொண்டிருந்தால் சர்க்கரையை லேபுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது “வைட்டமின் சி, எத்தனை கிராம், கடைசி வேளை எத்தனை மணிக்கு” என்று தாளில் எழுதி அனுப்புங்கள்.

குழித்துறை ஆறு:

சிஸ்டர் சொன்னதோடு இரண்டு: வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு ரத்த அணுக்கள் உடையும்.

களியக்காவிளை மருந்துக்கடை:

ஊசி கிடைக்காதவர்கள் 500 மி.கி. சப்புகிற மாத்திரையை ஆறு, எட்டு என்று பொடித்து மூக்கு வழி உணவுக் குழாயில் விடலாமா என்று கேட்கிறார்கள்.

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

வேண்டாம் அண்ணாச்சி. குடல் வைட்டமின் சி-யை ஓரளவுக்குத்தான் எடுக்கும். 200 மி.கி. போனாலே ரத்தத்தில் அளவு கிட்டத்தட்ட நிரம்பிவிடும். ஒரு கிராமுக்கு மேல் வாய்வழி போனால் பாதிக்கும் குறைவாகத்தான் ஏறுகிறது. மிச்சம் குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கு. அப்புறம் “ஃபீட் ஒத்துக்கல” என்று உணவை நிறுத்துவார்கள். சப்புகிற மாத்திரையில் சர்க்கரையும் பிசினும் இருக்கும், குழாயை அடைக்கும். அன்றாடத் தேவைக்கு ட்யூப் ஃபீட் டப்பாவிலேயே வைட்டமின் சி கலந்திருக்கிறது.

இனி குளூட்டமின் என்ற அமினோ அமிலம். பட்டியலிலேயே எனக்கு அதிகக் கோபம் வருவது இதன் மேல்தான், ஏனென்றால் இதற்குச் சொல்கிற காரணம் கேட்க அவ்வளவு நியாயமாக இருக்கும். குடல் செல்லுக்கும் நோய் எதிர்ப்பு செல்லுக்கும் அது உணவு, பெரிய நோயில் ரத்தத்தில் அளவு குறைகிறது, ஆகவே கொடுப்போம். 2013 ரெடாக்ஸ் சோதனையில் கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில், இரண்டு அல்லது அதற்கு மேல் உறுப்பு செயலிழந்த 1,223 பேர். குளூட்டமின் பெற்றவர்களில் 28 நாளில் 32.4 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 27.2. ஆறு மாதத்தில் 43.7, எதிரே 37.2. அதே சோதனையில் செலினியம், துத்தநாகம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, வைட்டமின் சி கலவையும் கொடுத்தார்கள். அதனால் ஒரு பலனும் இல்லை.

2014-ல் மெட்டாபிளஸ். குளூட்டமின், மீன் எண்ணெய், ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் கலந்த குழாய் உணவு, 301 பேர். ஆபரேஷனோ விபத்தோ இல்லாமல் நோயால் மட்டும் வந்தவர்கள் பிரிவில் ஆறு மாதச் சாவு 54 சதவீதம், சாதாரணப் புரதக் குழாய் உணவில் 35.

அதனால் “இம்யூனோ” என்று பெயர் போட்ட டப்பாவை வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். குளூட்டமின், ஆர்ஜினைன் என்ற இரண்டு சொல் இருந்தால் செப்சிஸ் ஆளுக்கு வேண்டாம்.

ரப்பர்க்காடு:

ஆர்ஜினைன் கூடவா? குடல் ஆபரேஷனுக்கு முன்னால் அதைத்தான் குடிக்கச் சொல்கிறார்கள்.

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

ஆமாம், அங்கே சரி. வயிறு, குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு 5, 7 நாள் முன்பிருந்து குடித்தால் தொற்று குறைகிறது. அந்த ஆளுக்கு பி.பி. நன்றாக இருக்கிறது. ஆர்ஜினைனிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்யும். அது ரத்தக் குழாயைத் தளர்த்தும். செப்டிக் ஷாக்கில் ஏற்கெனவே குழாய் எல்லாம் தளர்ந்துதான் பி.பி. விழுந்து கிடக்கிறது. ஒரு கையால் நார்அட்ரினலின் கொடுத்து இறுக்கிக்கொண்டே மறு கையால் தளர்த்துவதா?

குழித்துறை ஆறு:

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனி செலினியம்: ஜெர்மனியில் 1,089 பேர், நாளுக்கு 1,000 மைக்ரோகிராம், 2016-ல் முடிவு, சாவில் வித்தியாசமில்லை. மீன் எண்ணெய், ஜிஎல்ஏ (ஒருவகைத் தாவர எண்ணெய்க் கொழுப்பு) கலவை: 2011 ஒமேகா சோதனை, நுரையீரல் அடிபட்ட 272 பேர். பலன் வராது என்று பாதியில் நிறுத்தினார்கள். அதைப் பெற்றவர்களுக்கு வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் குறைவாகவே கிடைத்தன. வைட்டமின் டி: 5,40,000 யூனிட் ஒரே வேளையாக வாய் அல்லது குழாய் வழி கொடுத்த வயலட் சோதனை 2019-ல் வந்தது. குறைபாடு உள்ளவர்களை மட்டுமே எடுத்தும் 90 நாள் சாவு குறையவில்லை. வீடு திரும்பிய பிறகு குறைபாட்டைச் சரி செய்வது வேறு விஷயம்.

பரிசோதனைக்கூடம்_கோழிப்போர்விளை:

இங்கே ஒரு வார்த்தை குறுக்கே சொல்ல வேண்டும். “துத்தநாகம் குறைஞ்சிருக்கு, ரிப்போர்ட் பாருங்க” என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

கடும் வீக்கத்தில் துத்தநாகம் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய் உட்காரும். செலினியம், வைட்டமின் டி, இரும்பு எல்லாமே ரத்தத்தில் குறைவாகக் காட்டும். உடம்பில் சரக்கு இருக்கும், தெருவில் இருக்காது. சிஆர்பி (வீக்கத்தைக் காட்டும் ரத்தப் புரதம்) 200-ல் நிற்கும்போது எடுத்த வைட்டமின் ரிப்போர்ட்டை வைத்து “சத்துக்குறைவு” என்று முடிவு கட்டக் கூடாது. இரும்பு ஊசி இன்னும் மோசம். கிருமிக்கும் இரும்பு வேண்டும், அதனால்தான் உடம்பே அதை ஒளித்து வைக்கிறது.

ஆல்புமினும் அப்படித்தான். 2.1 என்று வந்தால் “சாப்பாடு சரியில்லை, புரோட்டீன் பவுடர் வாங்கு” என்கிறார்கள். செப்சிஸில் ரத்தக் குழாய் கசிந்து ஆல்புமின் வெளியே போகிறது, கல்லீரலும் அதை விட்டுவிட்டு சிஆர்பி மாதிரி வேறு புரதம் செய்யப் போய்விடுகிறது. இரண்டு நாளில் விழுந்த ஆல்புமின் பட்டினியால் விழுந்ததல்ல. சிஆர்பி இறங்கினால் அது ஏறும்.

உண்மையிலேயே பார்க்க வேண்டியவை விலை குறைந்த டெஸ்டுகள்: பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட். இதில் பாஸ்பேட்டைத்தான் பாதிப் பேர் கேட்பதே இல்லை. ரத்தம் எடுக்கும்போது ஊசியில் இழுத்து அழுத்தி அணு உடைந்தால் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் பொய்யாக ஏறும், குறைவு மறைந்துவிடும். லாக்டேட்டுக்கு வார் கட்டி நெடுநேரம் வைக்காதீர்கள், குழாயை ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள்.

களியக்காவிளை மருந்துக்கடை:

தயமின் பற்றி யாரும் சொல்லவில்லை. அதுவும் மாரிக் கலவையில் இருந்ததுதானே, அதையும் தூக்கிப் போடவா?

குழித்துறை ஆறு:

அதைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த இழையில் நான் பரிந்து பேசப் போவது அது ஒன்றுக்காகத்தான்.

செல் குளுக்கோஸை எரித்துப் பைருவேட் ஆக்குகிறது. பைருவேட் அடுத்த அடுப்புக்குள் நுழையத் தயமின் வேண்டும். இல்லையென்றால் வழி அடைந்து பைருவேட் லாக்டேட்டாகத் திரும்பும். ஆகவே பி.பி. நிமிர்ந்துவிட்டது, கை கால் சூடாக இருக்கிறது, சிறுநீர் போகிறது, லாக்டேட் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது என்றால் மூன்றை நினையுங்கள்: எங்கோ குடல் கறுக்கிறதா, மெட்ஃபார்மின் சாப்பிட்டவரா, தயமின் இல்லையா.

உடம்பில் தயமின் இருப்பு 2, 3 வாரத்துக்குத்தான். தினம் குடிப்பவர்கள், பல நாள் வாந்தி எடுத்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், நாள்பட்ட இதயநோய்க்கு ஃப்ரூஸமைடு என்ற நீர் இறக்கும் மாத்திரை சாப்பிட்டுத் தயமினைச் சிறுநீரில் விட்டவர்கள், பாலிஷ் அரிசிச் சோறும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மட்டுமே தின்று புரதம் தொடாத முதியவர்கள். நம் மாவட்டத்தில் இவர்களைத் தேட வேண்டியதில்லை.

2016-ல் டோனினோ குழு 88 செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு 200 மி.கி. தினம் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் லாக்டேட்டில் வித்தியாசமில்லை. தயமின் உண்மையில் குறைந்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவர்களுக்கு மட்டும் 24 மணி நேரத்தில் லாக்டேட் இறங்கியது. குறைவதை நிரப்புவது என்று மேலே சொன்னேனே, அதாக்கும் இது.

கொடுக்கும் முறை: 200 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்து 30 நிமிடத்தில், 12 மணிக்கு ஒருமுறை. ஷாக்கில் குடல் உறிஞ்சுவதை நம்ப முடியாது, அதனால் மாத்திரை வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்புக்கும் குழாய் உணவுக்கும் முன்னால் போக வேண்டும், பின்னால் அல்ல. மெக்னீசியம் குறைந்திருந்தால் தயமின் வேலை செய்யாது, அதையும் நிரப்ப வேண்டும்.

இரவுப்பணி சிஸ்டர்:

சலைன் பாட்டிலில் மல்டிவைட்டமின் கலந்து மஞ்சளாகத் தொங்கினால் தயமின் போயிற்று என்று சிலர் குறித்துவிடுகிறார்கள். ஆம்பூலைப் படியுங்கள். சாதாரண மல்டிவைட்டமின் ஊசியில் இருக்கும் தயமின் அந்த 200-க்குப் பக்கத்தில் கூட வராது.

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

இனி சாப்பாடு. பவுடரை விட இதில்தான் பெரிய ஓட்டை.

60 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து பிளாஸ்கில் வருகிற கஞ்சி 200 மி.லி.யில் அரிசி 20 கிராம் இருந்தால் அதிகம், இல்லாவிட்டால் குழாயில் இறங்காது. அது 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். நாளுக்கு ஆறு வேளை என்றால் 420 கலோரி, 9 கிராம் புரதம். அந்த ஆளுக்கு, முதல் சில நாட்கள் கழிந்த பிறகு, தேவை 1,500 கலோரி, 72 கிராம் புரதம். புரதம் எட்டில் ஒரு பங்கு! பொடியரிக் கஞ்சி என்று பெயர் மாற்றினாலும் கணக்கு மாறாது. மேலே சர்க்கரை நோயாளி என்றால் மெல்லிய கஞ்சி சட்டென்று சுகரை ஏற்றும். ஐசியூவில் 180-ஐத் தாண்டினால் இன்சுலின், வைத்திருக்க வேண்டியது 144 முதல் 180.

ஆனால் முதல் நாளே 1,500 ஏற்றவும் கூடாது. 1 மி.லி.க்கு 1 கலோரி கொண்ட டப்பா ஃபீட் என்றால்:

முதல் நாள் மணிக்கு 20 மி.லி., அதாவது 480 கலோரி. வயிறு உப்பவில்லை, வாந்தி இல்லை என்றால் அடுத்த நாள் 30, 35. நான்காம் நாளில் 60-க்கு வரலாம், 1,440 கலோரி. மயக்கத்துக்கு புரோபோஃபால் மணிக்கு 10 மி.லி. ஓடினால் அதுவே நாளுக்கு 264 கலோரி, கொழுப்பாகப் போகிறது. அதைக் கழிக்க மறந்தால் கணக்கு கெட்டது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டர் 170 கலோரி.

மெதுவாகத் தொடங்குவதால் நஷ்டமில்லை. 2023 நியூட்ரிரியா-3: ஷாக்கில் வென்டிலேட்டரில் இருந்த 3,044 பேர். முதல் வாரம் கிலோவுக்கு 6 கலோரி மட்டும் பெற்றவர்களும் 25 கலோரி பெற்றவர்களும் சாவில் ஒன்றுதான். குறைவாகப் பெற்றவர்கள் ஐசியூவிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வெளியேறத் தயாரானார்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் குறைவு.

புரதத்துக்கும் அதே கதை. அதே ஆண்டு எஃபர்ட் சோதனையில் 1,301 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 2.2 கிராமுக்குக் குறையாமலும் மறு குழுவுக்கு 1.2 கிராமுக்கு மிகாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதலால் பலனில்லை. சிறுநீரகம் அடிபட்டிருந்தவர்களுக்குக் கூடுதல் புரதம் கெடுதலாகத் தெரிந்தது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் போய்ப் படுத்திருக்கிறவருக்கு வீட்டார் புரோட்டீன் பவுடரை நாலு கரண்டி அதிகம் போட்டால் யூரியாதான் ஏறும்.

பரிசோதனைக்கூடம்_கோழிப்போர்விளை:

அக்கா, பாஸ்பேட் எப்போது?

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

ஃபீட் தொடங்கும் முன் ஒன்று, தொடங்கிய பின் முதல் இரண்டு மூன்று நாளாவது தினம், விழுந்துவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்று முறை. 2 மி.கி.க்குக் கீழே போனால் ரீஃபீடிங். நாளெல்லாம் பட்டினி கிடந்த உடம்புக்குச் சட்டென்று மாவுச்சத்து போனதும் இன்சுலின் ஏறி, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் பாஸ்பேட் இல்லையென்றால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் தளரும். வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியவில்லை, இதயத்துடிப்பு தாறுமாறு. பார்ப்பவர்கள் “செப்சிஸ் திரும்பிட்டு” என்று ஆன்டிபயாடிக் மாற்றுவார்கள். கலோரியை 48 மணி நேரம் குறைத்து, பாஸ்பேட்டை நிரப்பி, அப்புறம் ஏற்ற வேண்டும்.

இரவுப்பணி சிஸ்டர்:

குழாய் பற்றிச் சில.

போட்டதும் எக்ஸ்ரே. வயிற்றில் காற்றடித்துச் சத்தம் கேட்பது போதாது, நுரையீரலுக்குள் இருந்தாலும் கேட்கும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி. குளிப்பாட்ட, திருப்ப படுக்கையைத் தாழ்த்தினால் அதுவரை ஃபீடை நிறுத்துங்கள், மறுபடி ஏற்றுவதையும் மறக்காதீர்கள். நாலு மணிக்கு ஒருமுறை 30 மி.லி. தண்ணீர் விட்டு அலசுங்கள், ஒவ்வொரு மருந்துக்கு முன்னும் பின்னும் கூட. மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் பொடித்தால் குழாயில் சுண்ணாம்பு மாதிரி இறுகும்.

கலக்கிய பவுடர் தொங்கவிட 4 மணி நேரம். வீட்டில் அரைத்தது 2 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் பிளாஸ்கின் இளஞ்சூடு கிருமி வளர்க்கிற பெட்டி. பச்சை முட்டை அடித்து விடுவது இன்னும் நடக்கிறது, வேண்டவே வேண்டாம். வெந்த முட்டை வெள்ளை ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், அரைத்து வடிகட்டி விடலாம்.

வயிற்றில் தங்கியது 500 மி.லி.யைத் தாண்டாதவரை அதற்காக மட்டும் ஃபீடை நிறுத்த வேண்டியதில்லை. 200 வந்தாலே நிறுத்துகிற பழைய வழக்கத்தால்தான் பாதி நாள் பட்டினி.

குழித்துறை ஆறு:

நிறுத்த வேண்டிய நேரத்தையும் சேர்த்துவிடுங்கள் சிஸ்டர். நார்அட்ரினலின் ஏறிக்கொண்டே போகிறது, லாக்டேட் ஏறுகிறது என்றால் குடலுக்கு ரத்தம் போதவில்லை, அப்போது உணவு கொடுப்பது காய்ந்த அடுப்பில் பானையை ஏற்றுவது. 2018 நியூட்ரிரியா-2-ல் ஷாக்கில் உடனே முழு அளவு குழாய் உணவு பெற்றவர்களில் 2 சதவீதம் பேருக்குக் குடல் ரத்தமின்றிக் கெட்டது, நரம்பு வழி உணவு பெற்றவர்களில் 1-க்கும் குறைவு. நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.3 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்து நிலைத்தபின் 10, 20 மி.லி. என்று தொடங்கலாம். தொடங்கிய பிறகு வயிறு கல்லாக இறுகி, லாக்டேட் திரும்ப ஏறினால் உடனே நிறுத்தி சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

இரவுப்பணி சிஸ்டர்:

ஆம்புலன்ஸ். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் கிளம்பும்போது ஃபீடை நிறுத்துவோம். இன்சுலின் பம்ப் அப்படியே ஓடும். நெய்யாற்றின்கரை நெரிசலில் நிற்கும்போது சுகர் 40. ஃபீட் நின்றால் இன்சுலினும் நிற்க வேண்டும், அல்லது டெக்ஸ்ட்ரோஸ் ஓட வேண்டும். கிளம்பும் முன் ஒரு சுகர், வழியில் அரை மணிக்கு ஒன்று.

ரப்பர்க்காடு:

புரோபயாடிக்? ஒடிசாவில் குழந்தைகளுக்குக் கொடுத்து செப்சிஸ் பாதியாகக் குறைந்தது என்று படித்திருக்கிறேன்.

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

உண்மைதான். 2017-ல் நேச்சர் இதழில் வந்தது. கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகள், லாக்டோபேசிலஸ் பிளான்டாரமும் அதற்குத் தீனியாக ஒரு நார்ச்சத்தும். செப்சிஸும் சாவும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4-க்கு இறங்கியது. அருமையான வேலை. ஆனால் அவர்கள் ஆரோக்கியமாகப் பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகள். நோய் வராமல் தடுத்தார்கள், வந்த நோய்க்கு மருந்தாகக் கொடுக்கவில்லை.

ஐசியூ பெரியவர்களுக்கு 2021 பிராஸ்பெக்ட்: வென்டிலேட்டரில் 2,650 பேர். நிமோனியா 21.9 சதவீதம், எதிரே 21.3. பொட்டலத்தில் இருந்த அதே பாக்டீரியா ரத்தம் போன்ற கிருமியில்லாத இடத்திலோ, மற்ற இடங்களில் முக்கியக் கிருமியாகவோ 15 பேருக்கு வளர்ந்தது, எதிர்க்குழுவில் ஒருவருக்கு. கழுத்தில் சென்ட்ரல் லைன் இருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டலத்தைக் கிழிக்கவே கூடாது, தூள் பறந்து கையில் ஒட்டி லைனுக்குள் போகும். கடும் கணைய அழற்சியில் 2008-ல் கொடுத்துப் பார்த்து 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 6.

களியக்காவிளை மருந்துக்கடை:

கருக்கு, அதாவது இளநீர்? சத்து மருந்து வேண்டாம் என்றால் “அப்போ கருக்குத் தண்ணி குடுக்கட்டா” என்பது அடுத்த கேள்வி.

பரிசோதனைக்கூடம்_கோழிப்போர்விளை:

100 மி.லி.யில் பொட்டாசியம் 250 மி.கி. பக்கம். ஒரு கருக்கு 300 மி.லி. என்றால் 750 மி.கி. சிறுநீர் நன்றாகப் போகிறவருக்கு ஒன்றும் செய்யாது. செப்சிஸில் சிறுநீரகம் நின்றவருக்குப் பொட்டாசியம் 5.5-ல் இருக்கும்போது இரண்டு கருக்கு போனால் ஈசிஜி மாறும். ஏத்தன்பழக் (நேந்திரம்பழம்) கூழும் அதே வகை. அன்றைய பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

களியக்காவிளை மருந்துக்கடை:

என் தொழிலிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றும் கட்டத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் குழாய் வழி போகும். குழாய் உணவோடும், இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரையோடும் போனால் அவை ஆன்டிபயாடிக்கைப் பிடித்துக் கட்டிவிடும், ரத்தத்துக்கு ஏறாது. ஃபீடை 1 மணி நேரம் முன்பும் 2 மணி நேரம் பின்பும் நிறுத்துங்கள். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை இரும்பும் துத்தநாகமும் இதே போலக் கெடுக்கும். “சத்துக்குன்னு” சேர்த்த ஒரு துத்தநாக மாத்திரை உயிர் காக்கிற மருந்தைத் தின்றுவிடும்.

ரப்பர்க்காடு:

அப்போ வாங்கி வைத்த புரோட்டீன் டப்பாவை என்ன செய்ய?

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

அதை வீட்டுக்குப் போகும்போது திறவுங்கள். செப்சிஸிலிருந்து தப்பியவர் ஐசியூவில் கரைத்தது பெரும்பாலும் தொடைத் தசை. எழுந்து நிற்க முடியாது. அந்தக் கட்டத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், சிறுநீரகம் நன்றாக இருந்தால் இன்னும் கூட, கூடவே தினம் எழுந்து நடக்கிற பயிற்சி. ஐசியூவில் வேலை செய்யாத டப்பா இங்கே வேலை செய்யும். முதலில் முட்டை, மீன், பயறு. சாளை (மத்தி மீன்) நாலு பொரித்துக் கொடுப்பதை விடச் சிறந்த மீன் எண்ணெய் காப்ஸ்யூல் இல்லை. சாப்பிட முடியாமல் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் பவுடர், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில். சோற்றுக்கு முன்னால் கொடுத்தால் பசி அடைந்து சோறு போகாது.

களியக்காவிளை மருந்துக்கடை:

டிஸ்சார்ஜ் தாளில் “2 ஸ்கூப், தினம் 3” என்றுதான் இருக்கும்.

பார்வதிபுரம் டயட்டீஷியன்:

ஒவ்வொரு டப்பாவுக்கும் கரண்டி வேறு, அதனால் கிராமில் மாற்றுங்கள். டப்பாவின் பின்பக்கம் “100 கிராமில் புரதம்” என்ற வரியைப் பார்த்து, கரண்டியைச் சமமாக வழித்து, தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும், டப்பாவில் 100-க்கு 40 என்றால் 50 கிராம் பவுடர். கரண்டி 10 கிராம் பிடித்தால் ஐந்து. அந்த எண்ணைத்தான் பில்லின் பின்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.